அரைப் பேர் போட இடமுள்ள ஒரு பட்டியல்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11ஐ ஏற்பதற்கு என் மேசைக் கணினிக்குத் தகுதியில்லையாம். அதை வேறு எவரும் சொல்லவில்லை. கணினியே தன் வாயால் சொல்லிற்று. பத்தாண்டுகளுக்கும் மேலாக எனக்காக உழைத்த பெட்டி அது. எழுத்துப் பலகை மட்டும் இருமுறை மாறியிருக்கிறது. மற்றபடி ஒரு குறையுமில்லை. ஓடுகின்ற வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்குவதற்கு என் ஓய்வூதியமும் இடந்தராது, மனமும் இடந்தராது. எனவே லினக்ஸுக்கு மாறினேன். பேராதனையில் பொறியியல் பயிலும் என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இலகுவான பதிப்பொன்றை நிறுவித் தந்தான்.

லினக்ஸ் எனக்கு முற்றிலும் அந்நியமன்று. உபுண்டு இறுவட்டுகளைக் கேட்டவர்க்கெல்லாம் தபாற் செலவுமின்றி அனுப்பிவைத்த ஒரு காலம் இருந்தது. 2011இல் அந்தக் கொடை நின்றது. அப்படி வந்த வட்டொன்றை நான் அன்று ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நமது ஹந்தானை மலையின் பெயரிலேயே, பெடோராவை அடியொற்றி, ‘ஹந்தானை லினக்ஸ்’ என்ற இயங்குதளத்தை இலங்கையர் உருவாக்கியதையும் அறிவேன். கண்டி வாவிக்கரையில் நின்று தெற்கே பார்த்தால் தெரிகின்ற அந்த மலை, கணினித் திரையிலும் ஏறிவிட்டது என்று அப்போது நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

புதிய சூழலில் வேண்டியவை யாவும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. கட்டுரை எழுத லிப்ரே ஒபிஸ், இணையம் பார்க்க பயர்பொக்ஸ், தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ். தமிழ்99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை ஆகியவற்றோடு இலங்கைக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகை முறையும் அங்கே இருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை: செய்ய வேண்டிய வேலைகளை எழுதிவைக்க ஓர் எளிய பட்டியல். இத்தனை பெரிய சமுத்திரத்தில் இந்தச் சிறு சங்கு கிடைக்காதா என்று நினைத்துத் தேடத் தொடங்கியவனுக்கு மூன்று வாரங்கள் போனதே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற கிழவனுக்குச் செய்ய வேண்டிய வேலை என்ன இருக்கிறது என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். சொல்கிறேன். மலையகத்தில் ஒருவர் பத்திரிகை நிருபர் என்று பெயரெடுத்துவிட்டால், செய்தி எழுதுவதை நிறுத்திய பின்பும் அவருடைய வாசலுக்கு மக்கள் வருவது நிற்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் வேறொரு பெயர், தோட்டப் பதிவேட்டில் மூன்றாவது பெயர். பெருமாயி என்ற பெயரை யாரோ ஓர் எழுதுவினைஞர் சிங்களத்தில் கேட்டபடி எழுதுவார். இன்னொருவர் அதை ஆங்கிலத்தில் தமக்குத் தோன்றியபடி எழுதுவார். மூன்றாமவர் அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது பெருமாயி, பெரமையாகிவிடுவாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போதுதான், தான் மூன்று பேர் என்பது அவளுக்குத் தெரியவரும். அதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும், சமாதான நீதவானின் கையொப்பம் வேண்டும், பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் வேண்டும். அவற்றை எழுதிக் கொடுப்பதும், எழுதிக் கொடுத்தது எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிப்பதும்தான் இப்போது என் வேலை. என் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் என்னுடைய காரியங்களல்ல. ஒரு வரி மறந்துபோனால் நட்டம் எனக்கில்லை. கம்பளையிலோ தெல்தோட்டையிலோ லயத்து வாசலில் காத்திருக்கும் யாரோ ஒருவருக்கு. எழுபதைக் கடந்த ஞாபகத்தை நம்பி இந்தப் பொறுப்பை ஏற்பது முறையன்று.

முன்பெல்லாம் துண்டுக் கடதாசிகள் போதுமாயிருந்தன. (‘துண்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே மலையக வரலாறு தெரிந்தவர்க்கு ஒரு கசப்பு எழும். இந்தத் தொழிலாளரின் கடனை அடைப்பவரிடம் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்றுதான் பெயர். கடனோடு சேர்த்து மனிதரையும் கைமாற்றிய அந்த முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.) எங்கள் காலத்துப் பத்திரிகைக் காரியாலயங்களில் மேசைக்கு மேசை ஒரு குத்துக் கம்பி நிற்கும். முடிந்த வேலைக்குரிய துண்டை அதில் குத்திவிடுவோம். முடிந்தது என்று பொருள். ஆனால் அழிந்தது என்று பொருளன்று. மூன்று மாதம் கழித்து எவராவது மறுப்புக் கடிதம் அனுப்பினால் அந்தக் கம்பியைத்தான் உருவுவோம். இந்தக் கம்பி என் மனத்தில் ஆழக் குத்தியிருந்ததால்தான் பின்னர் பல மென்பொருட்களை நிராகரிக்க வேண்டியிருந்தது.

பட்டியலை இணையத்தில் வைத்தால் கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம், கணினியிலும் பார்க்கலாம் என்று மருமகன் சொன்னான். நல்ல யோசனைதான். ஆயினும் எனக்கு மூன்று தயக்கங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனால் வீட்டு இணையமும் போகும். மடிக்கணினியில் மிச்சமிருக்கும் மின்கலத்தோடு நம்முடைய கோப்பு மட்டுமே நம்மோடிருக்கும். அதற்கு முன் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் யாவும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. வதந்தியைத் தடுக்க அது வேண்டியிருந்தது என்பாரும் உண்டு, செய்தியைத் தடுத்தது என்பாரும் உண்டு. இரண்டிலும் உண்மையுண்டு என்பது என் கட்சி. வாதம் எதுவாயினும், வேலைப் பகிர்வை வட்ஸ்அப் குழுவில் வைத்திருந்த இளம் நிருபர்கள் அன்று காலையில் எங்கே போவது, யாரைச் சந்திப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கையில் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

மூன்றாவது தயக்கம் எங்கள் தலைமுறைக்கே உரியது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் தொழில் செய்தவர்கள் நாங்கள். குறிப்புப் புத்தகத்தில் ஒருவரின் பெயரை முழுமையாக எழுதுவதற்குக்கூட யோசிப்போம். சோதனைச் சாவடியில் அந்தப் புத்தகம் புரட்டப்பட்டால் ஆபத்து நமக்கு மட்டுமன்று. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இன்று என் பட்டியலில் இரகசியம் ஏதுமில்லை. ஆனால் ஏழை மனிதர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கின்றன, கடன் விபரங்கள் இருக்கின்றன. அவற்றை எந்த நாட்டிலோ உள்ள எவருடைய சேவையகத்திலோ வைப்பதற்கு அவர்களிடம் நான் அனுமதி வாங்கவில்லை.

இன்னுமொரு விடயம். நிறுவனங்கள் விற்பனைக்குரியவை. பேர்ளினில் தோன்றிய ‘வுண்டர்லிஸ்ட்’ என்ற பணிப்பட்டியல் செயலியை உலகெங்கும் பல இலட்சம் பேர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2015இல் அதை மைக்ரோசொப்ட் வாங்கியது. 2020 மே 6ஆம் திகதி மூடியது. பட்டியலைப் புதிய செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் வீட்டு நாட்குறிப்பை எங்கே வைப்பது என்பதை வேறொருவர் ஏன் தீர்மானிக்க வேண்டும்?

ஆக, என் கணினியிலேயே இருக்கும் நிரலாக வேண்டும். தேடலைத் தொடங்கினேன்.

முதலில் லினக்ஸ் மின்ட்டோடு கூடவே வருகிற ஒட்டுத்தாள் நிரல். 2021இல் வெளியான 20.2 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. மஞ்சள் தாள்போல் திரையில் ஒட்டிக்கொள்ளும். சரிபார்ப்புக் கட்டமும் போடலாம். மூன்று தாள்வரை அழகு. பத்தாவது தாளில் என் திரை, வைத்தியசாலை விளம்பரப் பலகைபோல் ஆகிவிட்டது. முன்னொரு காலத்தில் க்னோம் மேசைச்சூழலில் ‘டொம்போய்’ என்ற குறிப்பேடு மிகவும் பேசப்பட்டது. அதன் வழித்தோன்றலாக ‘க்னோட்’ வந்தது. இவை நல்ல குறிப்பேடுகள். குறிப்பேடு வேறு, பணிப்பட்டியல் வேறு.

அடுத்து ‘கெற்றிங் திங்ஸ் க்னோம்’. டேவிட் அலன் 2001இல் எழுதிப் புகழ்பெற்ற நேர முகாமை நூலின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்ட நிரல் இது. 2009இல் பெல்ஜியத்து இளைஞர்கள் தொடங்கியது. 2013க்குப் பின் ஏறத்தாழ ஏழாண்டுகள் உறங்கிக் கிடந்து, 2020இல் புதிய கைகளால் மீண்டும் எழுப்பப்பட்டது. திறந்த மூல மென்பொருளில் இதுதான் எனக்குப் பிடித்த சங்கதி: எழுதியவர் களைத்துப்போய் விலகினாலும் மூலநிரல் எவருக்கும் சொந்தமில்லாமல் அங்கேயே கிடக்கும், எங்கோ ஒருவர் வந்து தூசு தட்டுவார். நிரலும் நன்று. வேலைக்குள் வேலை, அதற்குள் இன்னொரு வேலை என்று கிளைவிட்டுப் போகலாம். எனக்கு அந்தக் கிளைகள்தான் சிக்கல். ‘சத்தியக் கடதாசி’ என்று ஒரு வரி எழுத உட்கார்ந்தவன், அதன் கீழே ஏழு உட்பணிகளை அழகாக அடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். கடதாசி எழுதப்படவில்லை. திட்டமிடுவதே வேலை முடிந்த திருப்தியைத் தந்துவிடுகிறது! மருமகனுக்கு இது பெரிதும் பிடித்திருந்தது. அவனுடைய பரீட்சைத் தயாரிப்புக்கு அதைத்தான் வைத்திருக்கிறான்.

க்னோமின் ‘டு டூ’ நிரல் 2022இல் ‘எண்டெவர்’ எனப் பெயர் மாறியது. எளியது, சுத்தமானது. ‘பிளானிஃபை’ என்றொன்று, முன்பு ‘பிளானர்’ என்றிருந்தது, பார்ப்பதற்கே கண்ணுக்குக் குளிர்ச்சி. வேண்டுமானால் இணையச் சேவையோடு இணைக்கலாம், வேண்டாவிட்டால் கணினியோடு நிறுத்திக்கொள்ளலாம். இளையவர்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். எனக்கோ, கட்டத்தில் சரி அடையாளம் போட்டதும் அந்த வரி கண்ணைவிட்டு மறைவது ஒப்பவில்லை. தேடி எடுக்கலாம் என்கிறார்கள். குத்துக் கம்பியில் இருப்பதைத் தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே நிற்கும்.

கணினி விற்பன்னர்கள் பெரிதும் மெச்சுவது ‘டாஸ்க்வாரியர்’. இதற்குச் சாளரமில்லை, பொத்தானில்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத வேண்டும். மிக வேகம். ஆனால் அங்கேதான் தமிழ் அடிபட்டது. கறுப்புத் திரை முனையங்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டத்தை ஒதுக்குபவை. ஆங்கிலத்துக்கென்று வார்க்கப்பட்ட அச்சு அது. ‘ஐ’க்கு ஒரு கட்டம், ‘ணௌ’வுக்கும் அதே கணக்கு என்றால் என்னாகும்? கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து நடுவில் நசுங்கிக் கிடக்கும். ‘கொடுக்க வேண்டும்’ என்று நான் எழுதியது, காலொடிந்த மேசைபோல் வந்து நின்றது. சில முனையங்கள் பரவாயில்லை என்கிறார்கள். எனக்கு வாய்த்தது அப்படி.

‘ஓர்க் மோட்’ பற்றித் தனியே சொல்ல வேண்டும். காஸ்டன் டொமினிக் என்ற விண்ணியலாளர், அம்ஸ்டர்டாமில் பணியாற்றுபவர், தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவதற்காக 2003இல் எழுதத் தொடங்கியது. ஈமேக்ஸ் என்ற பழம்பெரும் உரைத்தொகுப்பியின் உள்ளே அது வாழ்கிறது. நட்சத்திரங்களை எண்ணுபவர் எழுதியதால் ஒவ்வொரு தலைப்பின் முன்பும் நட்சத்திரக் குறி போடச் சொல்கிறாரோ என்னவோ! வியக்கத்தக்க கருவி என்பதில் ஐயமில்லை. திகதி, நினைவூட்டல், கணக்கு, அட்டவணை எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பில். ஆனால் அதை இயக்க விரல்கள் மிருதங்கம் பழக வேண்டும். மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. இருபது வயதில் அறிமுகமாகியிருந்தால் வாழ்நாள் துணையாகியிருக்கும்.

இத்தனையும் பார்த்தபின்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் தேடுவது எது? அதற்கு ஒரு மாதிரி என் மனத்தில் முன்பே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஏன் ஏதோவொரு வகையில் குறையாகத் தெரிகிறது? யோசித்துப் பார்த்ததில் அந்த மாதிரி, பத்திரிகைக் காரியாலயத்துக்கும் முந்தியது என்று தெரிந்தது.

என் தந்தையார் ஹந்தானைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடிவதற்கு முன் தப்புச் சத்தம் கேட்கும். ஆட்கள் பிரட்டுக்களத்தில் வந்து கூடுவார்கள். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் மலைக்கு வந்து பிரட்டானது. அங்கே அன்றைய வேலை வாசிக்கப்படும். கொழுந்துக்கு இத்தனை பேர், எந்த மலை. கவ்வாத்துக்கு இத்தனை பேர். முள்ளுக்குத்து, கான்வெட்டு, புல்வெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள். ஒரு மலைநாட்டின் பொருளாதாரமே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு காலையும் இப்படி ஒரு பணிப்பட்டியலிலிருந்துதான் புறப்பட்டது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை நட்டு வைத்தார் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதை நாள்தோறும் நடத்தியது பிரட்டுக்களம்.

மாலையில் செக்ரோல். லாந்தர் வெளிச்சத்தில் தந்தையார் அதை எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வேலையை முடித்தவருக்கு ஒரு ‘பேர்’. பேர் என்றால் ஒரு நாட்சம்பளம். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தாலோ, பாதியில் மழை வந்து இறங்க நேர்ந்தாலோ ‘அரைப் பேர்’. அந்த அரைப் பேர் எத்தனை வயிற்றில் அடித்தது என்பதை நான் நன்கறிவேன். அதற்காக எத்தனை சண்டை, எத்தனை வேலைநிறுத்தம். அதை நான் புகழ வரவில்லை. ஆனால் பதிவேடு என்ற வகையில் அதில் ஓர் உண்மை இருந்தது. வேலை என்பது முடிந்தது, முடியாதது என்ற இரண்டே நிலையில் இருப்பதில்லை என்று அந்தச் செக்ரோலுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய செயலிகளில் கட்டம் ஒன்று. காலியாக இருக்கும், அல்லது சரி அடையாளம் விழும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது? மலையகத்து மனிதர்களின் காரியங்களில் முக்கால்வாசி அந்த நிலையில்தான் வருடக்கணக்காக நிற்கின்றன.

இதை மருமகனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “அப்ப உங்களுக்குத் தேவை மென்பொருள் இல்ல மாமா, ஒரு வெறும் கோப்பு. நீங்களே என்ன வேணும்னாலும் எழுதிக்கலாம்” என்றான். பிறகு ஒரு முறையைக் காட்டினான். ஜீனா டிரபானி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2006இல் அறிமுகப்படுத்திய ‘டூடூ டொட் டெக்ஸ்ட்’. மென்பொருள் என்பதைவிட இது ஓர் எழுத்து வழக்கம் என்பதே பொருந்தும். ஒரே ஒரு வெற்று உரைக்கோப்பு. ஒரு வரி, ஒரு வேலை. அவசரமானால் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்தொன்று. எந்தக் காரியத்தைச் சேர்ந்தது என்பதற்குக் கூட்டல் குறியோடு ஒரு சொல். எங்கே செய்ய வேண்டியது என்பதற்கு @ குறியோடு ஒரு சொல். முடிந்துவிட்டால் வரியின் தலையில் ஆங்கிலச் சிறிய ‘எக்ஸ்’ எழுத்தையும் திகதியையும் போட்டுவிட வேண்டும். வரி அங்கேயே இருக்கும். அழியாது.

இதற்கும் ஒரு முன்னோர் உண்டு. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ‘கலண்டர்’ என்றொரு சிறு கட்டளை இருந்தது. திகதியோடு தொடங்கும் வரிகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், இன்றைக்கும் நாளைக்கும் உரியவற்றை மட்டும் எடுத்துக் காட்டும். அவ்வளவுதான். லினக்ஸில் இன்றும் அதை நிறுவிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. முடிந்த வேலைக்குச் சிறிய ‘எக்ஸ்’ எழுத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், கோப்பை அகர வரிசைப்படுத்தினால் முடிந்தவை தாமாக அடியில் போய்ச் சேரும் என்பது. ஆங்கிலத்தில் சரி. தமிழிலோ யூனிகோட் அட்டவணையில் நம் எழுத்துகள் யாவும் இலத்தீன் எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கின்றன. எனவே முடிந்த வேலைகளெல்லாம், இனிச் செய்ய வேண்டிய தமிழ் வரிகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன! ஓய்வுபெற்ற அதிகாரிகள் கூட்டத்தில் முன்வரிசையைப் பிடிப்பதுபோல. ஒரு மாலை முழுவதும் இதோடு மல்லுக்கட்டினேன். தீர்வு எளியது: ஒவ்வொரு வரியையும் எழுதிய திகதியோடு தொடங்கினால் போதும், அதற்கு அந்த முறையிலேயே இடமிருக்கிறது. இலக்கங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் முந்தியவை. ஆகவே நிலுவையிலுள்ளவை மேலே, முடிந்தவை கீழே. நிருபனுக்குத் திகதி போடாமல் எழுதும் பழக்கமும் கிடையாது என்பதால் இது எனக்குச் சிரமமாகவில்லை.

வெறும் உரைக்கோப்பு என்பதில் இன்னொரு நிம்மதி. என்னிடம் 1990களின் பிற்பகுதிப் பட்டியல்கள் சில இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. நம் நாட்டுத் தமிழர்களில் கணினி தொட்ட அனைவருக்கும் பாமினி தெரியும். எத்தனை கல்யாணக் கடிதங்கள், எத்தனை மரண அறிவித்தல்கள் அதில் அச்சாயின! ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். மாற்றிகள் இருக்கின்றன, மாற்றிக்கொண்டேன். யூனிகோடில் எழுதிய வெற்றுக் கோப்புக்கு அந்தக் கதி நேராது. இன்ன மென்பொருள்தான் திறக்கும் என்ற நிபந்தனையும் இல்லை. தேவைப்பட்டால் ‘ஸ்லீக்’ என்ற நிரலில் திறந்து வண்ணமயமாகப் பார்க்கலாம். நான் மின்ட்டோடு வந்த சாதாரண உரைத்தொகுப்பியிலேயே வைத்திருக்கிறேன். கணினி எழும்போதே அந்தக் கோப்பும் திறக்கும்படி மருமகன் ஒழுங்குசெய்து தந்தான்.

பட்டியல்தானே, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்நாட்டின் மென்பொருள் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதிய ‘சஹானா’வின் உயிர்நாடி பட்டியல்தான். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன தேவை, யார் கொண்டுபோகிறார்கள். இதைச் சரியாகப் பதிந்துவைப்பதும் உயிர்காக்கும் பணி என்று அன்று கண்டோம். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டதால்தான் எவரிடமும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்குச் சமூக நலனுக்கான விருதை வழங்கியது.

என் கோப்பு அத்தகைய பெரிய காரியமன்று. இப்போது அதில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வரிகள் உள்ளன. @கண்டி என்று தேடினால் நகருக்குள் இறங்கும் நாளில் முடிக்க வேண்டியவை வந்துவிடும்: கொழும்பு வீதியில் நிழற்பிரதி, தபாலகம், சமாதான நீதவான் வீடு, திரும்பும் வழியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலடியில் ஒருவரைச் சந்திப்பது. பெயர்களைச் சுருக்கியே எழுதுகிறேன், பழைய பழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் கோப்பை ஒரு சேமிப்புத் துண்டில் பிரதியெடுத்து மேசை இழுப்பறையில் வைக்கிறேன். முடிந்த வரிகளை மட்டும் மாதத்துக்கொரு முறை அச்சிட்டுக் கம்பியில் குத்துகிறேன். கம்பி பழைய காரியாலயத்திலிருந்து கொண்டுவந்தது. அதற்காக வீட்டில் கேலிக்கும் ஆளாகியிருக்கிறேன்.

நான் சேர்த்துக்கொண்ட ஒரேயொரு புதுக் குறி @அரைப்பேர். விண்ணப்பம் போய்விட்டது, பதில் இல்லை என்ற வரிகளுக்கெல்லாம் அது. சென்ற வாரம் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு வரி. அவற்றில் மிகப் பழையது, கடதாசிக் காலத்திலிருந்தே என்னோடு வருகிற ஒரு மூதாட்டியின் பெயர்த் திருத்தம். மூன்று மொழிகளில் இரண்டு இப்போது ஒத்துப்போய்விட்டன. சிங்களத்தில் மட்டும் ஓர் எழுத்து மீதமிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மகன் புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார். மூலப் பிரதியை மறக்காமல் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று அந்த வரியின் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கிறேன்.